கடனும் கடப்பாடும்: கால்பந்துக் கழகங்களின் நிதிநெருக்கடி குறித்த இரசிகர் விவாதங்கள் – ஒரு சொற்பொருள் விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

எதிரணிக் கழகத்தின் கடனையும் அதன் எதிர்காலத்தையும் பற்றிக் கால்பந்து இரசிகர்கள் வாதிடுவது இன்று உலகெங்கும் காணப்படும் வழக்கமாகும். இவ்விவாதங்கள் தமிழில் நிகழும்போது 'கடன்' என்னும் சொல்லின் இருபொருளும் அவற்றுள் செயற்படுகின்றன. கொடுக்க வேண்டிய பணம் ஒன்று. ஆற்ற வேண்டிய கடமை மற்றொன்று. கிளாஸ்கோ, ஐதராபாத், சென்னை ஆகிய நகரங்களின் கழகங்களையும், ஆரணியை அடுத்த சேவூர் போன்ற பட்டு நெசவு ஊர்களின் முன்பண முறையையும் சான்றுகளாகக் கொண்டு இவ்விருபொருளின் தொழிற்பாட்டை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கடன், கடப்பாடு, கழகம், நிலுவை, நொடிப்பு, முன்பணம், சேவூர்.

முன்னுரை

விளையாட்டு இரசிகர்களின் பேச்சு தமிழாய்வில் போதிய கவனம் பெறாத துறையாகும். ஆட்டத்தின் வெற்றி தோல்விகளை மட்டுமே பேசி வந்த இரசிகர்கள், கடந்த இருபது ஆண்டுகளில் வரவுசெலவு அறிக்கை, ஊதிய நிலுவை, உரிமம், நொடிப்பு ஆகியவற்றைப் பற்றியும் பேசத் தொடங்கியுள்ளனர். இப்பேச்சில் இகழ்ச்சி உண்டு, அச்சமும் உண்டு. எதிரணி வீழ்ந்தால் மகிழ்வோம் என்பவரே, எதிரணி இல்லாமற்போனால் தம் அணிக்கு ஆட்டம் ஏது என்றும் வினவுகின்றனர். இம்முரண் 'கடன்' என்ற சொல்லின் பொருளமைப்போடு தொடர்புடையது என்பதே இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

'கழகம்' என்ற சொல்லும் ஈண்டு நோக்கத்தக்கது. இன்று மன்றம், சங்கம் எனும் பொருளில் வழங்கும் இச்சொல், திருக்குறளின் சூது அதிகாரத்தில் சூதாடும் இடத்தைக் குறிக்கிறது. முன்னோர் தேடிய செல்வத்தையும் பண்பையும் அழிக்கும் இடமாக வள்ளுவர் அதனைச் சுட்டுகிறார். வருங்கால வெற்றியை நம்பி இன்றே கடன்படும் கழகங்களை நோக்கும்போது இப்பழம்பொருள் மீண்டும் உயிர்பெறுவதாகவே தோன்றுகிறது. இங்கிலாந்தின் லீட்ஸ் யுனைடெட் கழகம் எதிர்கால நுழைவுச்சீட்டு வருவாயை ஈடாக வைத்து 6 கோடி பவுண்டு கடன் பெற்றது. 2001இல் ஐரோப்பியச் சாம்பியன்ஸ் லீகின் அரையிறுதியை எட்டிய அக்கழகம், 2004இல் முதல்நிலைப் பிரிவிலிருந்து இறங்கியது. 2007இல் நொடிப்பு நிருவாகத்தின்கீழ் வந்தது.

1. சொல்லின் இருபொருள்

கடன் என்னும் சொல்லுக்குக் கடமை, கொடுக்க வேண்டிய பொருள் ஆகிய இரு பொருள்களையும் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி தருகிறது. பழைய இலக்கியத்தில் முன்னதே விளங்கித் தோன்றுகிறது. தாய், தந்தை, கொல்லன், வேந்தன், மகன் ஆகிய ஒவ்வொருவர்க்கும் உரிய செயலைப் பொன்முடியார் பாடிய புறநானூற்றுப் பாடல் (312) கடன் என்றே வகுக்கிறது. சான்றாண்மை அதிகாரத்தின் முதற்குறளிலும் இச்சொல் கடமைப் பொருளில் இருமுறை பயில்கிறது. பணக்கடனால் கலங்கும் நெஞ்சினை இலங்கை வேந்தனின் கலக்கத்திற்கு உவமையாக்கும் புகழ்பெற்ற தொடரைப் பலரும் கம்பருடையதாகக் கருதுவர். அது அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனையைச் சார்ந்தது.

இருபொருளும் தம்முள் எங்ஙனம் பிரிகின்றன என்பதை உடன்வரும் வினைகள் காட்டுகின்றன. 'அடைத்தல்' பணக்கடனுக்கே உரியது. 'ஆற்றுதல்' கடமைக்கே உரியது. 'தீர்த்தல்', 'செலுத்துதல்', 'கழித்தல்' ஆகியன இரண்டற்கும் பொதுவாக அமைகின்றன. நேர்த்திக்கடனையும் செலுத்துகிறோம், வங்கித் தவணையையும் செலுத்துகிறோம். 'கடனே என்று' ஒரு செயலைச் செய்தல் என்னும் வழக்கில், கடமை தன் உயிரை இழந்து சுமையாக மட்டும் எஞ்சுகிறது.

இதனினும் நுட்பமானது 'கடன்காரன்' என்னும் சொல். கடன்பட்டவனையும் அது குறிக்கும். கடன் கொடுத்து வாயிலில் வந்து நிற்பவனையும் குறிக்கும். வசைச் சொல்லாகவும் வழங்கும். எதிரணியைக் 'கடன்கார அணி' என்று இரசிகர் இகழும்போது இம்மூன்றனுள் வசையே முந்துகிறது. ஆயின் கால்பந்தில் ஒரே கழகம் இருவகைக் கடன்காரனாகவும் இருத்தல் இயல்பு. ஆட்டக்காரர்களை வாங்கியமைக்கான தவணையைப் பிற கழகங்களுக்குத் தர வேண்டிய கழகமே, தான் விற்ற ஆட்டக்காரர்களுக்கான தவணையைப் பிறரிடமிருந்து பெற வேண்டியதாகவும் இருக்கும். எனவே ஒரு கழகத்தின் வீழ்ச்சி அதனை இகழ்ந்த கழகத்தின் வரவையும் தாக்கக்கூடும்.

2. எவ்வளவு, எவர்க்கு, எவரால்

இரசிகர் விவாதங்கள் பெரும்பாலும் தொகையின் அளவிலேயே நின்றுவிடுகின்றன. தொகை மட்டும் ஒரு கழகத்தின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பதில்லை. கடன் எவர்க்குரியது, எவரால் தீர்க்கப்படும் என்னும் இரு வினாக்களும் உடனெழுதல் வேண்டும்.

செல்சி கழகம் தன் உரிமையாளர் அப்ரமோவிச்சுக்கு ஏறத்தாழ 150 கோடி பவுண்டு தர வேண்டியிருந்தது. 2022இல் கழகத்தை விற்க முன்வந்த அவர், அதனைத் திரும்பக் கேட்கப் போவதில்லை என்று அறிவித்தார். மான்செஸ்டர் யுனைடெட்டில் நிகழ்ந்தது இதற்கு மறுதலை. 2005இல் கிளேசர் குடும்பத்தார் அக்கழகத்தை வாங்குவதற்காகப் பெற்ற கடனின் பெரும்பகுதி கழகத்தின் மீதே சுமத்தப்பட்டது. அதனை ஏற்காத இரசிகருள் ஒரு பகுதியினர் அதே ஆண்டில் எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்னும் தனிக் கழகத்தைத் தொடங்கினர். முன்னதில் உரிமையாளர் கழகத்திற்கு ஈந்தார். பின்னதில் உரிமையாளர் பட்ட கடனைக் கழகம் சுமந்தது. இரண்டையும் 'கடன்' என்ற ஒரே சொல்லால் குறித்து, தொகையளவில் மட்டும் ஒப்பிடுதல் பொருந்தாது.

எவர்க்கு முதலில் தீர்ப்பது என்பதும் அறம் சார்ந்த வினாவாகும். 2008இல் எஃப்.ஏ. கோப்பையை வென்ற போர்ட்ஸ்மவுத், 2010 பிப்ரவரியில் நொடிப்பு நிருவாகத்தின்கீழ் வந்தது. பிரீமியர் லீகில் இருக்கும்போதே அந்நிலையை அடைந்த முதற்கழகம் அதுவே. அதற்குக் கடன் ஈந்தோர் வரிசையில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் என்னும் தொண்டமைப்பும் இருந்தது. ஆட்டக்காரர்க்கும் பிற கழகங்களுக்கும் உரிய தொகையை முழுமையாகத் தீர்த்தாலன்றிப் போட்டியில் தொடர இயலாது என்பது ஆங்கிலக் கால்பந்தின் விதி. ஏனையோர்க்குக் கிடைப்பது எஞ்சியதன் ஒரு சிறு பங்கே. இவ்விதியை எதிர்த்து வரித்துறை தொடுத்த வழக்கு 2012இல் தோல்வியுற்றது. ஆட்டத்திற்கு வெளியே நின்று கழகத்தை நம்பியோர் கடைசி வரிசையில் நிற்க நேர்ந்தது. ஈற்றில், 2013இல் போர்ட்ஸ்மவுத்தை அதன் இரசிகர்களின் அறக்கட்டளையே ஏற்று நடத்தியது.

3. நிறுவனம் மாய்ந்தது, கழகம் மாய்ந்ததா?

எதிரணி இரசிகர்களின் கடன் விவாதம் மிக நீண்டு தொடர்ந்தமைக்குச் சான்று கிளாஸ்கோ நகரமாகும். ரேஞ்சர்ஸ் கழகத்தை நடத்திய நிறுவனம் 2012 பிப்ரவரி 14 அன்று நொடிப்பு நிருவாகத்தின்கீழ் வந்தது. கடன் ஈந்தோருடன் செய்ய முனைந்த உடன்பாட்டைப் பிரித்தானிய வரித்துறை ஏற்கவில்லை. சொத்துகள் 55 இலட்சம் பவுண்டுக்குப் புதிய நிறுவனம் ஒன்றற்கு விற்கப்பட்டன. ஸ்காட்லாந்தின் நான்காம் நிலைப் பிரிவிலிருந்து ஆடத் தொடங்கிய ரேஞ்சர்ஸ், 2016இல் முதல்நிலைக்கு மீண்டது.

அன்று முதல் செல்டிக் இரசிகர்கள் முன்வைக்கும் வாதம், பழைய ரேஞ்சர்ஸ் மறைந்தது என்பதாகும். கடனைத் தீர்க்காதவர் பழைய வெற்றிகளுக்கு மட்டும் உரிமை கோரலாமா என்று அவர்கள் கேட்கின்றனர். மாய்ந்தது நிறுவனமே என்றும் கழகம் தொடர்கிறது என்றும் ரேஞ்சர்ஸ் இரசிகர்கள் விடையிறுக்கின்றனர். தமிழ்ச் சொல்லமைப்பில் இவ்வாதத்தைத் தெளிவாகக் கூறலாம். பணக்கடன் நிறுவனத்தின்மேல் நின்றது. கடப்பாடு கழகத்தின்மேல் நின்றது. முன்னதைத் தீர்க்காமல் பின்னது தொடருமா என்பதே கிளாஸ்கோவின் வினா. அதற்குச் சட்டம் ஒருவாறும் நகரத்தின் நினைவு வேறொருவாறும் விடை கூறுகின்றன.

4. ஐதராபாத்தும் சென்னையும்

இந்தியாவில் நிலை தலைகீழானது. இந்தியன் சூப்பர் லீகில் ஆடிய புனே சிட்டி கழகம் 2019இல் கலைந்தபோது அதன் இடத்தை ஐதராபாத் எஃப்.சி. பெற்றது. 2022 மார்ச் 20 அன்று கேரளா பிளாஸ்டர்ஸ் அணியை வென்று ஐதராபாத் கோப்பையைக் கைக்கொண்டது. இரண்டு ஆண்டுகளுக்குள் ஊதிய நிலுவையும், புதிய ஆட்டக்காரர்களைப் பதிவுசெய்வதற்கு ஃபிஃபா விதித்த தடையும் அவ்வணியைச் சூழ்ந்தன. அயல்நாட்டு ஆட்டக்காரர் பலர் வெளியேறினர். 2023–24 பருவத்தில் இளம் இந்திய ஆட்டக்காரர்களை முதன்மையாகக் கொண்டு ஆடிய ஐதராபாத் கடைசி இடத்தைப் பெற்றது. அப்பருவத்தில் அது பெற்ற ஒரே வெற்றி சென்னையின் எஃப்.சி. அணிக்கு எதிரானதாகும். 2025இல் அவ்வணி தில்லிக்குப் பெயர்ந்து ஸ்போர்ட்டிங் கிளப் டெல்லி எனப் பெயர் மாற்றிக்கொண்டது.

கிளாஸ்கோவில் நிறுவனம் மறைந்து ஊர் எஞ்சியது. ஐதராபாத்திலோ போட்டியில் ஆடும் உரிமை எஞ்சி ஊர் மறைந்தது. நிலுவைத் தொகையைப் புதிய உரிமையாளர் தீர்த்தல் கூடும். ஐதராபாத் நகரத்து இரசிகர்க்குரிய கடப்பாட்டைத் தீர்ப்பார் எவருமிலர். பணக்கடன் கைமாறத்தக்கது, கடப்பாடு கைமாறத்தகாதது என்னும் வேறுபாடு இங்குத் தெற்றெனப் புலனாகிறது.

தமிழகமும் இதற்கு விலக்கன்று. கோயம்புத்தூரைக் களமாகக் கொண்ட சென்னை சிட்டி எஃப்.சி. 2018–19 ஐ-லீகை ஈஸ்ட் பெங்காலினும் ஒரே ஒரு புள்ளி மிகுதியாகப் பெற்று வென்றது. சுவிட்சர்லாந்தின் பாசல் கழகம் அதன் 26 விழுக்காட்டுப் பங்கைப் பெற்றது. ஆயினும் 2021–22 பருவத்தின் ஐ-லீகில் அவ்வணி இடம்பெறவில்லை. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு தன் வணிகப் பங்காளியுடன் 2010இல் செய்துகொண்ட 15 ஆண்டு ஒப்பந்தம் முடிவை நெருங்கியபோது, 2025 சூலையில் சூப்பர் லீகே நிறுத்திவைக்கப்பட்டது. அடுத்த மாதம் சென்னையின் எஃப்.சி. தன் முதன்மை அணியின் பணிகளை நிறுத்துவதாக அறிவித்தது. பிறர் கடனைப் பேசிய இரசிகர்கள் தம் அணியின் நாளையைப் பற்றிப் பேச வேண்டியவராயினர்.

5. தறியும் ஆட்ட ஒப்பந்தமும்

திருவண்ணாமலை மாவட்டத்தின் ஆரணிப் பகுதி பட்டுச்சேலைக்குப் புவிசார் குறியீடு பெற்றது. அதனை அடுத்த சேவூர் போன்ற நெசவு ஊர்களில் கடன் என்பது கணக்கேட்டுச் சொல் மட்டுமன்று, தொழிலுறவின் அடிப்படையாகும். கூட்டுறவுச் சங்கத்தில் சேராத நெசவாளர் பாவையும் ஊடையையும் சரிகையையும் தனியார் முதலாளியிடம் பெற்று, நெய்து கொடுத்துக் கூலி பெறுவர். திருமணம், மருத்துவம், வீட்டுச் செலவு ஆகியவற்றிற்காகப் பெறும் முன்பணம் நெசவாளரை அம்முதலாளியோடு பிணிக்கிறது. வேறொருவரிடம் செல்ல விரும்பினால் பழைய முன்பணம் தீர்க்கப்பட வேண்டும்; பெரும்பாலும் புதிய முதலாளியே அதனைத் தீர்த்து நெசவாளரைத் தம்பால் ஈர்த்துக்கொள்வார். கடன் மறைவதில்லை, கைமாறுகிறது.

ஒப்பந்தக் காலத்தில் ஓர் ஆட்டக்காரர் கழகம் மாறும்போது செலுத்தப்படும் தொகை வடிவில் இதனை ஒத்தது. இரண்டிலும் புதியவர் பழையவர்க்குப் பணம் தந்தே திறனுடையாரைப் பெறுகிறார். ஆனால் கடனின் திசை வேறு. நெசவில் தொழிலாளி முதலாளிக்குக் கடன்பட்டவர். கால்பந்து நெருக்கடியில் கழகம் ஆட்டக்காரர்க்குக் கடன்பட்டது. இரு மாத ஊதியம் தவறினால், 15 நாள் அறிவிப்புத் தந்து ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள ஆட்டக்காரர்க்கு உரிமையுண்டு என 2018 முதல் ஃபிஃபா விதி கூறுகிறது. கடன் அவரை விடுவிக்கிறது, நெசவாளரையோ கட்டுகிறது. கடனுக்கு ஈடாக உழைப்பைப் பிணிப்பதை 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் தடைசெய்கிறது. எனினும் கடன் அடையும்வரை தறியை விட்டகலுதல் தகாது என்ற எண்ணம் சட்டத்தால் மட்டும் நீங்குவதன்று. பணக்கடன் அங்குக் கடமையின் மொழியைப் பூண்டு நிற்பதே அதற்குக் காரணமாகும். முன்பணத்தைச் சாராத வாழ்வுக்கு வழிதேடியே நெசவாளர் கூட்டுறவு இயக்கம் தோன்றியது. 1935இல் கோ-ஆப்டெக்ஸ் நிறுவப்பட்டது. இரசிகர்கள் கழகத்தைத் தாமே ஏற்ற போர்ட்ஸ்மவுத் முயற்சியும் இவ்வகையினதே.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, 'கடன்', 'கடன்காரன்' ஆகிய சொற்களின் இருமை இரசிகர் விவாதத்தில் இகழ்ச்சியும் அச்சமும் ஒருங்கே நிகழ இடந்தருகிறது. இரண்டாவது, கழகங்களின் நிதிநிலையைத் தமிழில் எழுதுவோர் உரிமையாளர் ஈந்த கடன், வெளிக்கடன், ஊதிய நிலுவை, மாற்றுத்தொகைத் தவணை என்று பிரித்து வழங்குதல் வேண்டும். ஒரே சொல்லால் அனைத்தையும் குறித்தல், ஊதியம் பெறாத ஆட்டக்காரரின் இழப்பைப் பெருந்தொகைக்குள் மறைத்துவிடும். மூன்றாவது, பணக்கடன் கைமாறலாம், குறைக்கப்படலாம், தள்ளுபடியும் ஆகலாம். ஊருக்கு ஆற்ற வேண்டிய கடன் அங்ஙனம் தீர்வதன்று. எதிரணியின் கடனைக் கணக்கிடும் இரசிகர், அது எவருடைய ஊதியம், எந்த ஊரின் அணி என்று வினவுங்கால் இச்சொல்லின் இருபொருளும் ஒருங்கே நிறைவுறுகின்றன எனலாம்.