துருவுக்குள் ஒரு ஜன்னல்

ஆளில்லாமல் விட்ட வீட்டில் ஜன்னல் எந்த வரிசையில் மறையும்? முதலில் கூரை சரியும். மழை உள்ளே இறங்கும். மண்சுவர் கரைந்து மேடாகும். சட்டத்தையும் கதவுப் பலகையையும் கரையான் தின்று முடிக்கும். சில நூற்றாண்டுகள் கழித்து அங்கே தோண்டினால், ஜன்னல் என்று சுட்டிக்காட்ட எதுவும் இருக்காது. பழுப்பு நிறத்தில் நாலைந்து கட்டிகள் மட்டும் கிடைக்கும். மண்ணாங்கட்டி என்று வீசத் தோன்றும் அவைதான் அந்த ஜன்னலின் ஆணி, கொண்டி, நாதாங்கி. செய்தபோது ஜன்னலிலேயே மலிவான பாகங்கள் அவையாகத்தான் இருந்திருக்கும். இன்று அந்த ஜன்னலைப் பற்றிச் சாட்சி சொல்ல மிஞ்சியிருப்பவையும் அவையே. சாட்சியை வாங்குவதற்கு எக்ஸ்ரே கருவியும் நுண்ணோக்கியும் வேண்டும், நிறையப் பொறுமையும் வேண்டும்.

சங்க காலத்து ஜன்னலுக்குத் தாழ்ப்பாள் இருந்ததா? இருந்தது என்கிறது நெடுநல்வாடை. பத்துப்பாட்டில் ஒன்றான அந்தப் பாட்டில், நக்கீரர் வாடை வீசும் கூதிர்கால நகரத்தைக் காட்டுகிறார். வேனிலில் தென்றலை உள்ளே விட்ட மாடத்துச் சாளரங்களை இப்போது யாரும் திறப்பதில்லை. அவற்றின் இரட்டைக் கதவுகள் பொருந்தி மூடித் தாழிட்டுக் கிடக்கின்றன. அரண்மனை வாயிலைப் பாடும்போது, தடித்த இரும்பால் பிணைத்த கதவையும், இடைவெளி தெரியாதபடி இறுக்கிப் பொருத்திய கம்மியரின் கைத்திறனையும் சொல்கிறார். சாளரத்தின் தாழ் மரமா இரும்பா என்பதைப் பாட்டு சொல்லவில்லை. அதை மண்ணிடம்தான் கேட்க வேண்டும்.

மண் சொல்லும் பதிலில் ஆணிகளே அதிகம். கீழடியில் கூரை ஓடுகளோடு இரும்பு ஆணிகளும் கிடைத்தன. அரியலூர் மாவட்டம் கங்கைகொண்ட சோழபுரத்தில், ராஜேந்திர சோழனின் அரண்மனை நின்ற மாளிகைமேட்டில், ஓடுகளுக்கு நடுவே ஆணிகள் ஏராளம். அங்கே நின்ற மரவேலை முழுவதும் போய்விட்டது. அதைப் பிணைத்து வைத்திருந்த உலோகம் மட்டும் தங்கியிருக்கிறது.

இந்த உலோகத்தின் கதையைச் சொல்லத் தர்மபுரியைவிடப் பொருத்தமான ஊர் குறைவு. அதியமான்களின் தகடூர் இதுதான். அரூர் பக்கத்துத் தீர்த்தமலையில் காந்தத்தால் இழுபடும் கருப்பு இரும்புத்தாதுப் பாறை உண்டு. 1860களில் பழைய சேலம் மாவட்டத்து இரும்புப் படுகைகளை வரிசைப்படுத்திய புவியியலாளர்கள் வில்லியம் கிங்கும் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் கஞ்சமலையோடு தீர்த்தமலையையும் அந்தப் பட்டியலில் சேர்த்தார்கள். பழைய தர்மபுரி மாவட்டத்துக் குட்டூரில் தாதுவிலிருந்து இரும்பைப் பிரித்த உலையின் தடயம் அகழாய்வில் வெளிப்பட்டது. 2004இல் பிரிந்து போன கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மயிலாடும்பாறையில், இரும்பு கிடைத்த மண்ணடுக்கின் காலம் கி.மு. 2172 வரை பின்னோக்கிச் சென்றது. தர்மபுரி மாவட்டத்துக்குள்ளேயே மோதூர், பெரும்பாலை, பூதிநத்தம் ஆகிய ஊர்களில் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு செய்திருக்கிறது.

பாறை எப்படி ஆணியானது? தூய இரும்பு உருக 1538 பாகை செல்சியஸ் வேண்டும். மண் உலையும் கரியும் ஆட்டுத்தோல் துருத்தியும் வைத்திருந்தவர்களுக்கு எட்டியது ஏறத்தாழ 1200 பாகை. அதனால் அவர்கள் இரும்பை உருக்கவே இல்லை. அந்தச் சூட்டில் கரியிலிருந்து எழும் வாயு தாதுவிலுள்ள ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ளும். தாதுவோடு ஒட்டியிருந்த மணலும் பாறைத்தூளும் உருகிக் கசடாக வடியும். இரும்போ திடமாகவே இருந்தபடி, துளைதுளையான கட்டியாகத் திரளும். இந்தக் கட்டிக்குப் பஞ்சிரும்பு என்று பெயர். அதைச் சிவக்கக் காய்ச்சி, திரும்பத் திரும்பச் சம்மட்டியால் அடித்து உள்ளே சிக்கிய கசடைப் பிதுக்கி வெளியேற்றினால், அடித்து வளைக்கத்தக்க இரும்பு கிடைக்கும்.

கசடு முழுவதும் வெளியேறுவதில்லை என்பதுதான் ஆய்வாளருக்குக் கிடைத்த வரம். மிச்சக் கசடு, இரும்பு நீளும் திசையிலேயே தானும் மெல்லிய இழைகளாக நீண்டு உள்ளே தங்கிவிடுகிறது. ஓர் ஆணியைக் குறுக்கே அறுத்து மெருகேற்றி நுண்ணோக்கியில் வைத்தால் அந்த இழைகள் தெரியும். அவற்றின் வேதியியல் கலவை, தாது எந்த மலையிலிருந்து வந்திருக்கலாம் என்பதற்குத் துப்பு தரும். கொல்லர் இரும்பை எந்தப் பக்கம் நீட்டினார், எங்கே மடித்து ஒட்டினார் என்பதையும் இழைகளின் ஓட்டம் காட்டிக்கொடுக்கும்.

அறுப்பதற்கு முன்னால் துருவைத் தாண்ட வேண்டும். இரும்பு துருவாக மாறும்போது பருத்துப் பல மடங்கு இடத்தை அடைக்கிறது. சுற்றியுள்ள மணலையும் கூழாங்கல்லையும் சேர்த்து ஒட்டிக்கொள்கிறது. விரல் பருமன் கொண்டி உருளைக்கிழங்கு அளவுக்கு வீங்கிவிடும். சுத்தியலால் தட்டி உடைத்தால் உள்ளிருக்கும் வடிவமும் சேர்ந்து நொறுங்கும். எனவே முதல் வேலை எக்ஸ்ரே எடுப்பது. அடர்த்தியான உலோகம் கதிர்களை அதிகம் தடுக்கும், துரு குறைவாகத் தடுக்கும். உருவமற்ற கட்டிக்குள்ளிருந்து ஆணியின் தலை, கொக்கியின் வளைவு, வளையத்தின் துளை எல்லாம் படத்தில் எழுந்து வரும். உலோகம் துளிகூட மிஞ்சாமல் முழுதும் துருவாகிவிட்டாலும், முன்பு அது இருந்த இடம் வெற்றுக் குழிவாகப் படத்தில் தெரிவதுண்டு.

இப்போது ஆணியின் வடிவத்துக்கு வருவோம். தச்சர் பலகையில் அடித்த ஆணியின் முனை மறுபக்கம் நீட்டிக்கொண்டிருந்தால், அதை மடக்கிப் பலகையோடு பலகையாக அடித்துவிடுவார். ஆணி பிடுங்கிக்கொள்ளாமல் இருக்கச் செய்யும் அந்த மடிப்பு, நூற்றாண்டுகள் கழித்து அளவுகோலாகிவிடுகிறது. தலைக்கும் மடிப்புக்கும் இடையே 4 செ.மீ. இருந்தால், மறைந்துபோன மரத்தின் கனமும் 4 செ.மீ. தான். பத்து ஆணிகள் ஒரே அளவைச் சொன்னால் ஒரே கனத்தில் இழைத்த பலகைகள் அங்கே இருந்தன என்று நம்பலாம்.

மரமே முழுதாக மறைவதில்லை என்பது அடுத்த வியப்பு. ஆணியை ஒட்டியிருக்கும் மரத்துக்குள், ஈரத்தில் கரைந்த இரும்பு ஊறுகிறது. மரத்தின் கண்ணுக்குத் தெரியாத அறைகளை அது துருவால் நிரப்பி, சுவர்களைப் பூசி, அச்சு எடுத்துவிடுகிறது. பிறகு மரம் மக்கினாலும் அச்சு நிற்கும். இதைக் கனிமமேறிய மரம் என்பார்கள். மின்னணு நுண்ணோக்கியில் இந்த அச்சைப் பார்த்தால் மரத்தின் இனத்தையே சொல்ல முடியும். தேக்கில் பெரிய துளைகள் வளர்ச்சி வளையத்தை ஒட்டி வரிசை கட்டும். பனைக்கு வளையமே கிடையாது. நார்க்கற்றைகள் புள்ளிபுள்ளியாகச் சிதறிக் கிடக்கும். துருப்பிடித்த ஆணியின் மேல் இருக்கும் ஒரு தடிப்பு, இது பனஞ்சட்டமா தேக்குச் சட்டமா என்ற வழக்கைத் தீர்த்துவைக்கும்.

அந்த அச்சில் மரத்தின் ரேகை ஓடும் திசையும் பதிந்திருக்கும். ஆணியின் மேல்பாதியில் ரேகை நெடுக்கிலும் கீழ்ப்பாதியில் குறுக்கிலும் ஓடினால், நெட்டுப் பலகைக்குப் பின்னால் குறுக்குச் சட்டம் வைத்து ஆணி அடித்திருக்கிறார்கள் என்று பொருள். ரேகை திசை மாறும் இடம் வரை ஒரு மரம், அதற்கு மேல் இன்னொரு மரம். ஒற்றை ஆணியிலிருந்து இரண்டு மரங்களின் கனமும், அவை சேர்ந்த விதமும் தெரிந்துவிடுகின்றன.

வயதையும் ஆணியிடமே கேட்கலாம். உலையில் எரிந்த கரியிலிருந்து சிறிதளவு கரிமம் இரும்புக்குள் நுழைந்திருக்கும். அது ஒரு காலத்தில் உயிரோடு நின்ற மரத்தின் கரிமம். கரிமக் காலக்கணிப்புக்கான இன்றைய முடுக்கிக் கருவிகளால், ஒரு மில்லிகிராம் கரிமம் இருந்தாலே காலம் கணிக்க முடியும். துருவாகாமல் மிஞ்சிய ஒன்றிரண்டு கிராம் உலோகத்திலிருந்து அதைப் பெறலாம். கொல்லர் இரண்டு காலத்துப் பழைய இரும்பைச் சேர்த்து அடித்திருந்தால் மட்டும் விடை குழம்பும். இரும்பை வீணாக்காத ஊர்களில் இந்தச் சிக்கல் அடிக்கடி வரும்.

இவ்வளவு ஆணி கிடைத்தும் கீல் ஏன் அவ்வளவாகக் கிடைப்பதில்லை? நம் பழைய கதவுகள் கீலில் தொங்கியவை அல்ல. கதவின் ஓர் ஓரத்தில் மேலும் கீழும் நீட்டிய குடுமிகள், நிலையில் தோண்டிய குழிகளில் உட்கார்ந்து சுழன்றன. கதவின் மொத்தப் பாரமும் கீழ்க்குடுமியில் இறங்கிவிடும் என்பதால், பக்கவாட்டில் திருகாணிகளைப் பிடுங்கும் இழுவிசைக்கு இடமே இல்லை. குடுமி தேயாமலிருக்க அதற்கு ஓர் இரும்புப் பூண் போட்டால் போதும். ஆகவே அகழாய்வில் தேட வேண்டியவை சிறிய உலோகப் பூணும், சுழன்று சுழன்று வழவழப்பான குழிக்கல்லும்தான்.

வேறு நாடுகளில் ஜன்னல் வேறு தடயங்களை விட்டுச் சென்றிருக்கிறது. இங்கிலாந்தின் ஹின்டன் செயின்ட் மேரியில் ரோமானியர் காலத்து இரும்பு ஜன்னல் கிராதி ஒன்று கிடைத்தது. இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. திருடன் பயம் இன்று வந்ததல்ல. 17ஆம் நூற்றாண்டில் சிறு சிறு கண்ணாடிச் சில்லுகளை ஈயப் பட்டிகளில் கோத்து ஜன்னல் செய்தார்கள். பட்டியின் இருபுறமும் கண்ணாடி நுழையும் பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளத்தை அழுத்தி எடுக்கும் எந்திரத்தின் சக்கரத்தில் சிலர் தம் பெயரையும் ஆண்டையும் செதுக்கி வைத்தார்கள். அந்த எழுத்து ஈயத்தில் பதிந்து, கண்ணாடி விளிம்புக்குப் பின்னால் மறைந்துபோனது. அமெரிக்காவின் வர்ஜீனியா, மேரிலாந்து அகழாய்வுகளில் நசுங்கிய ஈயப் பட்டிகளைப் பிரித்தபோது ஆண்டு வெளிப்பட்டது. அந்த ஜன்னல் அந்த ஆண்டுக்கு முன்னால் செய்யப்பட்டிருக்க முடியாது.

ஆண்டு பொறிக்காத ஆணியும் தன் காலத்தை ஒருவாறு காட்டும். கொல்லர் கையால் அடித்த ஆணிக்கு நான்கு பக்கமும் சரிவு, தலையில் சுத்தியல் தடம். 1790களில் மேற்கே வந்த எந்திர ஆணி, தகட்டிலிருந்து வெட்டியது; இரண்டு பக்கம் மட்டுமே சரிவு. இன்று கடையில் வாங்கும் உருண்டைக் கம்பி ஆணி 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் பெருகியது. கூர்முனைத் திருகாணியும் 1840களுக்குப் பிந்தியதே. அதற்கு முன் திருகாணி மொட்டையாக இருந்தது. பழைய வீட்டு ஜன்னலில் மூன்று வகை ஆணியும் இருந்தால், எந்தப் பகுதி முதலில் செய்தது, எது பழுதுபார்த்தது என்று பிரித்துவிடலாம்.

ஆணியின் மதிப்பை ரோமானியப் படை அறிந்திருந்தது. ஸ்காட்லாந்தின் இன்ச்டுத்தில் கோட்டையை முதல் நூற்றாண்டின் இறுதியில் கைவிட்டபோது, எதிரிக்கு இரும்பு கிடைக்கக் கூடாது என்று எட்டே முக்கால் லட்சத்துக்கும் மேற்பட்ட ஆணிகளைக் குழிதோண்டிப் புதைத்துவிட்டுப் போனார்கள். நொடிக்கு ஒன்றாகத் தூங்காமல் எண்ணினாலும் பத்து நாளாகும். 1960இல் தோண்டியபோது வெளிப்புற ஆணிகள் துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டி ஓடாக இறுகியிருந்தன. அந்த ஓடு காற்றையும் நீரையும் தடுத்ததால், உள்ளே இருந்தவற்றில் பல புதியவை போலவே கிடைத்தன.

எல்லா இரும்புக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. மண்ணிலிருந்து வெளியே எடுத்த பிறகுதான் பல பொருட்களுக்கு உண்மையான ஆபத்து. உள்ளே ஊறிய உப்பின் குளோரைடு, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து துருவை மறுபடி கிளப்பிவிடும். மேற்பரப்பில் பழுப்புத் துளிகள் கசியும்; சில மாதங்களில் பொருள் அடுக்கடுக்காக உதிரும். இதைத் தடுக்கக் காரக் கரைசலில் வாரக்கணக்கில் ஊறவைத்து உப்பை இழுத்தெடுக்கிறார்கள். பிறகு புதுச் செருப்புப் பெட்டியில் வரும் அதே சிலிக்கா ஜெல்லைப் போட்டு, ஈரம் புகாத பெட்டியில் மூடிவைக்கிறார்கள்.

ஆனால் எந்த ஆய்வுக்கூடமும் மீட்டுத் தர முடியாத ஒரு தகவல் உண்டு. அது ஆணி கிடந்த இடம். செவ்வகமாக வரிசை கட்டிக் கிடக்கும் எட்டு ஆணிகள், நடுவே ஒரு கொண்டி, ஓரத்தில் ஒரு பூண் என்றால், கதவு விழுந்த நிலையிலேயே மக்கியிருக்கிறது. அதன் அகலம், உயரம், எந்தப் பக்கம் திறந்தது என்பதெல்லாம் அந்த வரைபடத்திலிருந்தே கிடைக்கும். அதே பத்துப் பொருளையும் பொறுக்கி ஒரு பையில் போட்டால் மிஞ்சுவது பத்து இரும்புத்துண்டுகள். இதனால்தான் அகழாய்வாளர் ஒவ்வோர் ஆணிக்கும் குழி, ஆழம், திசை குறித்த பிறகே கை வைக்கிறார். தர்மபுரிப் பக்கம் கிணறு வெட்டும்போதோ வரப்பு திருத்தும்போதோ துருக்கட்டிகள் வரிசையாகத் தென்பட்டால், அவற்றை எடுக்காமல் அங்கேயே விட்டு, இருந்த இடத்தோடு படம் எடுத்துத் தொல்லியல் துறைக்குச் சொல்வது பெரிய உதவி. ஆணியை எந்தக் காயலான் கடையும் எடைக்கு வாங்கிக்கொள்ளும். அது கிடந்த இடத்துக்கு விலை சொல்ல அகழாய்வாளரால் மட்டுமே முடியும்.