மாதக் கடைசிக்கும் கொஞ்சம் மிச்சம் வைப்போம்



ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் பிறந்துவிட்டால், வட்டியில்லாக் கடன் கேட்டு நமது அறக்கட்டளை அலுவலகத்துக்கு வருவோர் அதிகமாகிவிடுகிறார்கள். பெரும்பாலும் பள்ளிக் கட்டணம், நோட்டுப் புத்தகம், சீருடைக்காகத்தான். நம்மிடம் உள்ள நிதி சிறியது. முதலில் வந்தவர்களுக்குக் கொடுத்த பிறகு, பின்னால் வருபவர்களை "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று திருப்பி அனுப்ப வேண்டியதாகிறது. அப்படித் திரும்பியவர் எங்கே போவார் என்பதும் நமக்குத் தெரியும். கம்மலை அடகுக் கடையில் வைப்பார். இல்லாவிட்டால் வாரத் தவணைக் குழுவில் கையெழுத்துப் போடுவார். வட்டி ஹராம் என்று தெரியாமல் அல்ல, வேறு வழி தெரியாமல்.

சென்ற ஆண்டு ஒரு சகோதரி 6,000 ரூபாய் கேட்டு வந்தார். கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். கடனைக் கொடுத்து, கூடவே ஒரு சிறிய நோட்டையும் கொடுத்து, "ஒரு மாதச் செலவை எழுதிக் கொண்டு வாருங்கள்" என்று சொன்னோம். எழுதி வந்தார். அதில் ஆடம்பரம் என்று எதுவும் இல்லை. ஆனால், மாலையில் கடையிலிருந்து வாங்கும் டீ, வடைக்கு மட்டும் நாளொன்றுக்கு 60 ரூபாய். மாதத்துக்கு 1,800. அவர் கேட்ட கடன், நான்கு மாத டீ வடைக் காசுக்குள் அடங்கியிருந்தது. அந்தச் சகோதரியே அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். எங்களுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டுக் கணக்கும் ஏறக்குறைய அதுதான்.

அதனால் இந்த இதழில், அன்றாடச் செலவில் எங்கெல்லாம் கொஞ்சம் பிடித்து வைக்கலாம் என்று பார்ப்போம்.

முதலில் எழுதுங்கள்

ஒரே ஒரு மாதம், ஐந்து ரூபாய் செலவையும் விடாமல் எழுதுங்கள். எழுதாத செலவு கண்ணில் படாது. கண்ணில் படாததைக் குறைக்க முடியாது.

மின்சாரம்

தமிழ்நாட்டில் வீட்டு மின் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. முதல் 100 யூனிட் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காத எல்லை 500 யூனிட். அதைத் தாண்டினால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்துவந்த குறைந்த விலையும் போய்விடும். 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 510 யூனிட்டுக்கு 2,030 ரூபாய். பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! அதன் பிறகு விலை இன்னும் கூடியது. ஆகவே ரீடிங் எடுக்க வருவதற்குப் பத்து நாள் முன்பே மீட்டரைப் பார்த்துவிடுங்கள். எல்லைக்குப் பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் கையைப் பிடிக்கலாம்.

பழைய மின்விசிறி சுமார் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. என்று விற்கும் புதிய வகைக்கு 30 வாட் அளவு போதும். நாளுக்கு 16 மணி நேரம் சுற்றினால் இரண்டு மாதத்தில் ஒரு விசிறிக்கு 43 யூனிட் மிச்சம். பழையது கெட்டுப்போகும்போது இதை வாங்குங்கள். நன்றாக ஓடுவதைக் கழற்றிவிட்டுத் தவணைக்கு வாங்கினால், மிச்சம் தவணையிலேயே போய்விடும்.

அடுப்பு

கடலையையும் பருப்பையும் முன்கூட்டியே ஊறவைத்தால் பாதி வேலை தண்ணீரிலேயே முடிந்துவிடும். குக்கர் விசில் வந்ததும் தீயைக் குறைத்துவிடுங்கள். தீ நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால் பர்னரைச் சுத்தம் செய்ய வேண்டும். சிலிண்டர் மாற்றிய தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். வழக்கத்தைவிடச் சீக்கிரம் தீர்ந்தால் டியூபையும் ரெகுலேட்டரையும் சோதிக்கச் சொல்லுங்கள். அது காசு விஷயம் மட்டும் அல்ல, உயிர் விஷயம்.

ரேஷனும் மளிகையும்

அரிசி அட்டைதாரர்களுக்கு ரேஷன் அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய். கௌரவம் பார்த்து வரிசையில் நிற்காமல், அதே பருப்பை வெளியில் பல மடங்கு விலைக்கு வாங்குகிறோம். சோறுக்குப் பிடிக்காத அரிசி இட்லி மாவுக்கும் கஞ்சிக்கும் ஆகும்.

கடையில் பாக்கெட்டின் அளவைப் பார்த்து வாங்குங்கள். ஒரு லிட்டர் போலத் தெரியும் எண்ணெய் பாக்கெட்டில் 850 மில்லி இருக்கலாம். நாலைந்து வீட்டார் சேர்ந்து 15 கிலோ எண்ணெய் டின், ஒரு மூட்டை அரிசி என்று வாங்கிப் பிரித்துக்கொண்டால் சில்லறை விலையிலிருந்து தப்பலாம்.

மருந்து

சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் வீட்டுக்கே கொண்டுவந்தும் கொடுக்கிறார்கள். வெளியில் வாங்குவோர், மத்திய அரசுத் திட்டத்தின் மக்கள் மருந்தகத்திலோ, 2025 பிப்ரவரியில் மாநில அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலோ விலை கேளுங்கள். டாக்டரிடம் மருந்தின் மூலப்பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: மாத்திரையை விட்டுவிட்டுச் சாப்பிடுவது சிக்கனம் அல்ல, பின்னால் வரும் பெரிய செலவு.

நோன்பும் விருந்தும்

பகலெல்லாம் பசித்திருக்கும் ரமளானில் சமையல் செலவு ஏறுவது ஏன்? அஸருக்குப் பிறகு பசியோடு கடைத்தெருவுக்குப் போவதால்தான். அந்த நேரத்தில் சமோசா, பஜ்ஜி, சர்பத் எல்லாமே அவசியமாகத் தெரியும். காலையிலேயே, பட்டியலோடு போய்வாருங்கள். விருந்தாளியை வயிறார உபசரிப்பது நமது பண்பு. மீந்த பிரியாணியைக் குப்பையில் கொட்டுவது நமது பண்பல்ல. வீண் விரயத்தை மார்க்கம் கண்டிப்பது செல்வந்தர்களுக்கு மட்டும் அல்ல.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை

சிக்கனம் என்றாலே பெண்களுக்குப் பயான் செய்வது நம் வழக்கமாகிவிட்டது. அடுத்த தெருவுக்கும் பைக், டீக்கடையில் நண்பர்களுக்கெல்லாம் சேர்த்து பில், பையில் சிகரெட் பெட்டி என்று இருந்துகொண்டு, கொத்தமல்லிக்குக் கணக்குக் கேட்பது நியாயமல்ல. நோட்டில் இருவர் செலவும் வர வேண்டும்.

குறைக்கக் கூடாதவை

பிள்ளைகளின் பால், முட்டை, படிப்பு, பெற்றோரின் மருந்து, ஏழைக்குக் கொடுக்கும் ஸதகா. இவற்றில் கைவைத்து மிச்சம் பிடித்தால் அதில் பரக்கத் இருக்காது. ஒருவர் வருமானத்தில் வாடகையும் அரிசியும் போக எதுவுமே மிஞ்சாத வீடுகளும் நம் மஹல்லாவில் உண்டு. அவர்களுக்குச் சிக்கனம் சொல்வது தகாது, உதவுவதே கடமை. அவர்கள் தயங்காமல் எங்களிடம் வரட்டும்.

மிச்சத்தை என்ன செய்வது?

செலவு போக மீந்ததைச் சேமிப்போம் என்றால் எதுவும் மீளாது. சம்பளம் வந்த அன்றே எடுத்து வைக்க வேண்டும். வாரம் 100 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 5,200. ஓர் உறையில் 'பள்ளிக்கூடம்' என்று எழுதி, இந்த மாதமே தொடங்குங்கள்.

அந்தச் சகோதரி டீயை வீட்டிலேயே போட ஆரம்பித்தார். வடை வெள்ளிக்கிழமைக்கு மட்டும் என்றானது. கடனையும் அடைத்துவிட்டார். இந்த ஜூனில் அவர் கடன் கேட்டு வரவில்லை. அவர் திருப்பிய 6,000 ரூபாய், இன்னொரு வீட்டுப் பிள்ளையின் கட்டணமாகப் போயிற்று. ஒரு வீட்டின் சிக்கனம் இன்னொரு வீட்டை வட்டியிலிருந்து காத்தது. நாம் கேட்பதும் இதைத்தான்.

கணக்கு எழுதும் நோட்டு நமது அலுவலகத்தில் இலவசமாகக் கிடைக்கும். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். அவர்களுக்கும் வீட்டு நிலவரம் புரியும். எல்லாம் வல்ல அல்லாஹ் நம் அனைவரின் வாழ்வாதாரத்திலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.