வெள்ளத்தின் குறிப்பறிதல்

திருநெல்வேலிக் குறுக்குத்துறையில் முருகன் கோயில் தாமிரபரணி ஆற்றுக்குள்ளேயே அமைந்துள்ளது. நீர் பெருகும்போது உற்சவ மூர்த்தியைக் கரையிலுள்ள மேலக்கோயிலுக்கு எடுத்துச் செல்வர். கோயிலில் எதுவரை நீர் ஏறியுள்ளது என்பதைக் கொண்டே நகர மக்கள் வெள்ளத்தை அளந்தனர். ஆயினும், அது வந்துவிட்ட வெள்ளத்தின் அளவே. வரப்போவதை அறிய மலையை நோக்க வேண்டும்.

இமயமலையில் பனிச்சரிவைக் கணிப்போர் சரிவில் குழி தோண்டிப் பனியடுக்குகளை ஆராய்வர். பிடிப்பற்ற அடுக்கின்மேல் புதுப்பனியின் சுமை கூடுமாயின் சரிவு நிகழலாம். மேற்பரப்பைப் பார்த்து இதனை அறிய இயலாது. பனி காணாத பொதிகைக்கும் இது பொருந்தும். பல நாள் மழையில் ஊறிய மண்ணுக்குள் புதுமழை இறங்காது. அது நேரே ஓடைக்குச் செல்லும். எனவே எவ்வளவு பெய்தது என்பதோடு, எத்தகைய மண்ணில், எத்தனை மணிநேரத்தில் பெய்தது என்பதையும் கணக்கிட வேண்டும்.

மழைக்காலத்தில் இப்பகுதி மக்கள் ஒருவரையொருவர் கேட்பது, "அணையில் எத்தனை அடி?" என்பதே. பாபநாசம் அணையின் உயரம் 143 அடி. மணிமுத்தாறு அணையின் உயரம் 118 அடி. நிரம்பிய அணைக்குமேல் கனமழை பெய்தால் வருவதை அப்படியே திறந்துவிடுவதன்றி வேறு வழியில்லை. 1992 நவம்பரில் மாஞ்சோலை மலையிலுள்ள காக்காச்சியில் ஒரே நாளில் 96 செ.மீ. மழை பெய்தது, தாமிரபரணியில் பெருவெள்ளம் வந்தது. மலையை நோக்கும் பழக்கத்தை அந்நிகழ்வு மேலும் உறுதிப்படுத்தியது.

2023 டிசம்பரில் அப்பழக்கம் போதவில்லை. 18ஆம் நாள் காலை வரையிலான 24 மணிநேரத்தில் மாஞ்சோலையில் 55 செ.மீ. மழை பெய்தது. கடலோரக் காயல்பட்டினத்திலோ 95 செ.மீ.! திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. பதிவாயின. ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 1 செ.மீ. மழை பெய்தால் அது 1 கோடி லிட்டர் நீராகும். அணைகளுக்குக் கீழே பெய்யும் மழையை அணை தடுக்க இயலாது. அந்நீர் குளங்களை நிரப்பியது. இங்குள்ள குளங்கள் சங்கிலித் தொடராக அமைந்தவை. மேற்குளம் உடைந்தால் அதன் நீர் முழுவதும் கீழ்க்குளத்தின் கரைமீது மோதும். அணையின் அடிக்கணக்கை மட்டும் கேட்டிருந்தோருக்கு இவ்வெள்ளம் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது.

17ஆம் நாள் இரவு, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவுவண்டி ஏறத்தாழ 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தை அடைந்தது. முன்னுள்ள பாதை இருளில் கிடந்தது. மழையின் அளவையும் பெருகும் நீரையும் கருதி, வண்டியை மேலே செல்லவிடாமல் நிறுத்தினர். பயணிகள் பலர் 19ஆம் நாள் வரை அங்கேயே தவிக்க நேர்ந்தது. அருகிலிருந்த ஊரார் சமைத்து உணவளித்தனர். செய்துங்கநல்லூர் செல்லும் வழியில் சரளைக்கல்லும் மண்ணும் அரித்துச் செல்லப்பட்டு, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.