மணலாகப் போகிறது, உலோகமாகத் திரும்புகிறது

ஏறாவூரில் ஏதாவதொரு வெல்டிங் பட்டறை வாசலில் சற்று நின்று பாருங்கள். கேட் ஒட்டுபவரின் பக்கத்தில் கிடக்கும் கம்பிப் பெட்டியில் அநேகமாக 6013 என்ற இலக்கம் இருக்கும். அந்தக் கம்பியின் மேற்பூச்சில் பெரும்பங்கு ரூட்டைல் என்ற கனியம். நெருப்பு சீராக நிற்க அது உதவுகிறது. அதே ரூட்டைல் நமது கிழக்குக் கரையில், திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டைக் கடற்கரை மணலிலும் இருக்கிறது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

புல்மோட்டை மணலில் அதிகமாக இருப்பது இல்மனைட். அடுத்து ரூட்டைலும் சிர்கோனும். இதற்கென 1957இல் கனிய மணல் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. யுத்த காலத்தில் தொழில் பலமுறை தடைப்பட்டது. 1997இல் இல்மனைட் ஏற்ற வந்த கப்பலே தாக்கப்பட்டது. இத்தனையையும் தாண்டி நாம் விற்பது இன்றுவரை பெரும்பாலும் பிரித்தெடுத்த மணலைத்தான்.

இல்மனைட்டிலும் ரூட்டைலிலும் இருப்பது டைட்டானியம். இரும்பைவிடப் பாரம் குறைவு. உப்பு நீரில் துருப்பிடிக்காது. விமான எஞ்சினின் முன்பகுதித் தகடுகளும், கடல்நீரால் குளிரூட்டும் மின்நிலையக் குழாய்களும் இதனால் ஆனவை. சிர்கோனிலிருந்து வருவது சிர்கோனியம். அணு உலையின் கொதிநீரில் வருடக்கணக்காகக் கிடக்கும் எரிபொருளுக்கு உறை இதன் கலப்புலோகமே. இதைச் சுத்திகரிக்கும்போது பிரியும் ஹஃப்னியமும் வீண்போவதில்லை. டர்பைன் அலகுகளுக்கான நிக்கல் கலப்புலோகங்களில் அது சிறிதளவு சேர்க்கப்படுகிறது.

ஒரு தொன் இல்மனைட் சில நூறு டொலர் பெறும். ஒரு தொன் டைட்டானியமோ பல ஆயிரம் டொலர். ஏன் இந்த வித்தியாசம்? இதை இரும்பைப் போல கரி போட்டு உருக்கி எடுக்க முடியாது. சூடேறினால் காற்றிலுள்ள ஒட்சிசனையும் நைதரசனையும் இழுத்துக்கொண்டு நொறுங்கும் தன்மையாகிவிடும். ஆகவே முதலில் குளோரினுடன் சேர்த்துத் திரவமாக்கி, பின்னர் காற்றுப் புகாத உலையில் மக்னீசியத்தைக் கொண்டு குளோரினைப் பிரிக்க வேண்டும். மிஞ்சுவது பஞ்சு போன்ற உலோகம். விலை மணலுக்கல்ல, இந்த அறிவுக்கு.

அயலவர் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். கேரளாவின் சவரா மணலும் நமது மணலைப் போன்றதே. அங்குள்ள அரச நிறுவனம் 1984இல் வெள்ளைப் பெயின்ற் நிறப்பொடியில் ஆரம்பித்தது. அதற்காகத் தயாரித்து வந்த குளோரைட் திரவத்தையே வைத்து 2011இல் வருடத்துக்கு 500 தொன் டைட்டானியம் தரக்கூடிய ஆலையைத் திறந்தது. தூத்துக்குடிக்கு அருகே பழையகாயலில் 2009 முதல் சிர்கோனியம் உற்பத்தியாகிறது. அது ஹைதராபாத் சென்று அணு உலைக் குழாயாகிறது.

நாம் நாளைக்கே உலோகம் செய்துவிட முடியாது. மலிவான மின்சாரம், குளோரின், பயிற்சி பெற்றவர்கள் எல்லாம் வேண்டும். குளோரினும் அமிலக் கழிவும் விளையாட்டல்ல. சவரா மக்களின் முறைப்பாடுகளையும் நாம் மறந்துவிடக் கூடாது. ஆனால் முதற்படிக்கு இவ்வளவு வேண்டியதில்லை. வார்ப்பு வேலைக்கும் பீங்கான் மெருகுக்கும் சிர்கோன் மா அரைப்பது, வெல்டிங் கம்பிக்கு ஏற்ற தரத்தில் ரூட்டைல் தயாரிப்பது ஆகியவை ஆலையும் ஆய்வுகூடமும் இருந்தால் நடக்கக்கூடிய காரியங்கள்.

மன்னாரில் கனிய மணல் அகழ்வுக்கு மக்கள் எதிர்ப்புத் தெரிவிப்பதில் நியாயமுண்டு. தோண்டிய குழி அவர்களுக்கு, இலாபம் வேறெவருக்கோ என்றால் யார் சம்மதிப்பார்கள்? தோண்டுவது கட்டாயம் என்றால் வேலையும் இங்கேயே இருக்கட்டும். பிள்ளைகளைப் பொறியியலுக்கு அனுப்பும் பெற்றோரும், அடுத்த முதலீட்டைத் தேடும் வர்த்தகரும் கொழும்பில் கடை போடுவதற்கு முன்னர் ஒருதடவை புல்மோட்டையைப் போய்ப் பார்த்து வரலாமே.