அடைப்புத் திசுவில் ஸ்டெம் செல் அடையாளம்: எதை நம்பலாம்?

ராஜபாளையம் நூற்பாலைகளில் கோனின் நிறத்தைப் பார்த்தே எத்தனாம் நம்பர் நூல் என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் ஒரு மில்லின் பச்சை அடுத்த மில்லில் வேறு நம்பராக இருக்கலாம். இதய ரத்தக்குழாய் அடைப்பில் ‘ஸ்டெம் செல் அடையாளம்’ கிடைத்தது என்ற செய்தியையும் அந்தக் கவனத்தோடுதான் படிக்க வேண்டும்.

ஸ்டெம் செல் என்பது வேறு செல்களாக மாறித் திசுவைப் பழுதுபார்க்கக்கூடிய மூலச் செல். அதன் அடையாளம் என்பது பெரும்பாலும் செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு புரதம். குழாய்த் திசுவை மெல்லிய சீவல்களாக வெட்டி, அந்தப் புரதத்தில் ஒட்டும் ஆன்டிபாடியை விட்டு நிறமேற்றுவார்கள். நிறம் பிடித்தால் புரதம் இருக்கிறது. அதற்குமேல் எதுவும் உறுதியில்லை.

சிடி34 என்ற புரதம் எலும்பு மஜ்ஜையின் ரத்த ஸ்டெம் செல்லில் உண்டு. குழாயின் உட்சுவரில் இருக்கும் சாதாரண செல்லிலும் உண்டு. ஸ்டெம் செல் அடையாளமாகக் கருதப்படும் இன்னொரு புரதமான சி-கிட்டின் கதை இன்னும் சிக்கல். அழற்சியைத் தூண்டும் மாஸ்ட் செல்லும் அதைத் தாங்கியிருக்கிறது. அடைப்பு வெடிக்கும் இடங்களில் மாஸ்ட் செல்கள் கூடுதலாகவே காணப்படுகின்றன. பழுதுபார்க்க வந்தது என்று நாம் நினைக்கும் செல், கெடுக்க வந்ததாக இருக்கலாம்.

குழாயின் தசை செல்களும் ஏமாற்றும். 2015-ல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் கேரி ஓவன்ஸ் குழு, எலிகளின் தசை செல்களுக்கு முன்கூட்டியே அழியாத மரபணுக் குறியிட்டுப் பின்தொடர்ந்தது. அடைப்புக்குள் அவற்றில் பெரும்பாலானவை தசை அடையாளத்தை உதறியிருந்தன. சில, ஸ்டெம் செல்லின் அடையாளங்களையே ஏற்றிருந்தன. ஒரு செல் எங்கிருந்து வந்தது என்பதை நிறம் சொல்லாது. இப்படிப் பின்தொடர்ந்தால்தான் தெரியும்.

இதை மறந்ததற்கு மருத்துவ உலகம் பெரிய விலை கொடுத்திருக்கிறது. சி-கிட் செல்கள் இதயத் தசையைப் புதுப்பிக்கும் என்று ஆய்வாளர் பியரோ அன்வெர்சா முன்வைத்த கருத்தை நம்பி ஆண்டுக்கணக்கில் ஆய்வுகள் நடந்தன. 2018-ல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியும் பிரிகாம் மருத்துவமனையும், போலித் தரவுகள் இருப்பதாகக் கூறி அவரது ஆய்வகத்தின் 31 கட்டுரைகளைத் திரும்பப் பெறப் பரிந்துரைத்தன.

அதனால், ஆஞ்சியோகிராமில் அடைப்பு தெரிந்த கையோடு யாராவது ஸ்டெம் செல் ஊசிக்குப் பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலின்படி, சில ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்றவை தவிர்த்த பயன்பாடு எல்லாம் அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டுமே நடக்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் நெஞ்சு வலித்தால் உடனே போக வேண்டிய இடம் ஆரம்ப சுகாதார நிலையம். தமிழ்நாடு அரசு 2023-ல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளை அங்கேயே கொடுத்துவிட்டு, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.