கம்பம் பள்ளத்தாக்கில் குடியிருப்புகளுக்குள் வரும் காட்டு விலங்குகள்

தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்திலுள்ள கம்பம் பள்ளத்தாக்கில் காட்டுப்பன்றி, குல்லாய்க் குரங்கு, மயில், முள்ளம்பன்றி, பாம்பு, சில வேளைகளில் யானை, சிறுத்தை ஆகியன வீட்டுக் கொல்லைகளுக்கும் தோட்டங்களுக்கும் வருவது நெடுநாளைய சிக்கலாகும். துரத்துதல், பிடித்து வேறிடத்தில் விடுதல், வேலியிடுதல், உணவும் மறைவிடமும் கிடைக்காமல் செய்தல் ஆகியவை இதற்குக் கையாளப்படும் வழிகளாகும். பிடித்து அகற்றுவது உடனடித் தீர்வாகத் தோன்றினாலும், விலங்கை ஈர்த்த காரணம் நீங்காதவரை அதே விலங்கோ வேறொன்றோ மீண்டும் வரக்கூடும். 2023-ஆம் ஆண்டு கம்பம் நகருக்குள் நுழைந்த அரிக்கொம்பன் என்னும் யானை இதற்குப் பரவலாக அறியப்பட்ட எடுத்துக்காட்டாகும்.

பின்னணி

கம்பம் பள்ளத்தாக்கு மேற்கே ஏலமலைக்கும் கிழக்கே மேகமலை, வருசநாட்டு மலைகளுக்கும் இடையில் அமைந்துள்ளது. முல்லைப் பெரியாற்று நீரால் இங்கு நெல், வாழை, தென்னை, திராட்சை ஆகியவை விளைகின்றன. தென்மேற்கில் கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகம் உள்ளது. கிழக்கிலுள்ள மேகமலைக் காடுகள், 2021-இல் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தவை. கம்பம், கூடலூர், சின்னமனூர், போடிநாயக்கனூர் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்கள் பல இடங்களில் மலையடிவாரம் வரை நீள்கின்றன. எனவே காட்டுக்கும் தோப்புக்கும் இடையே விலங்குகள் உணரக்கூடிய எல்லை ஏதும் இல்லை.

விலங்குகள் வருவதற்கான காரணங்கள்

பயிரிலும் வீட்டுக் கழிவிலும் ஓரிடத்தில் செறிந்த உணவு கிடைப்பதே முதன்மைக் காரணமாகும். காட்டில் நாள் முழுதும் தேடிப் பெறும் உணவை வாழைத் தோட்டத்தில் யானை குறுகிய நேரத்தில் பெற்றுவிடுகிறது. ஏனைய விலங்குகள் வருவதற்கான காரணங்கள் வருமாறு:

* காட்டுப்பன்றி: கிழங்கு, நிலக்கடலை, மக்காச்சோளம் ஆகியவற்றுக்காக இரவில் நிலத்தைக் கிளறும்.
* குல்லாய்க் குரங்கு: கைக்கு எட்டும் குப்பை, பழமரம், வழிப்போக்கர் தரும் தின்பண்டம் ஆகியவற்றுக்காக வரும்.
* பழந்தின்னி வௌவால், மரநாய்: பழுத்த பழங்களை நாடி வரும்.
* பாம்பு: எலி, தவளை ஆகியவற்றைத் தேடி வரும். தென்னோலைக் குவியல், விறகு அடுக்கு, செங்கல் குவியல் ஆகியன அதற்கு மறைவிடமாகும்.
* சிறுத்தை: நாய், ஆடு, கோழி ஆகியவற்றுக்காக வரும்.

சட்ட நிலை

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் 9-ஆம் பிரிவு, அட்டவணை 1, 2 ஆகியவற்றில் உள்ள விலங்குகளை வேட்டையாடுவதைத் தடை செய்கிறது. இச்சட்டத்தில் 'வேட்டை' என்பது கொல்வதை மட்டும் குறிப்பதன்று. நஞ்சிடுதல், கண்ணி வைத்தல், பொறியில் பிடித்தல், இரையிட்டு ஈர்த்தல், அதற்கான முயற்சிகள் ஆகியவையும் அதில் அடங்கும். எனவே கொல்லைக்கு வந்த குரங்கைக் கூண்டில் பிடித்துத் தொலைவில் விடுவதும், நன்னோக்கத்துடன் செய்யப்பட்டாலும், அனுமதியின்றிச் செய்யப்படின் குற்றமாகும்.

11-ஆம் பிரிவின்படி, மனித உயிருக்கு இடர் விளைவிக்கும் விலங்கைப் பிடிக்கவோ, தவிர்க்க முடியாத நிலையில் கொல்லவோ மாநிலத் தலைமை வனஉயிரினக் காப்பாளர் ஆணையிடலாம். தற்காப்புக்காக நல்லெண்ணத்துடன் விலங்கைக் கொல்வது குற்றமாகாது. 2022-ஆம் ஆண்டின் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு எலி, காகம், பழந்தின்னி வௌவால் ஆகியவற்றைத் தீங்குயிரிகளாகக் காட்டிய தனி அட்டவணை இத்திருத்தத்தால் நீக்கப்பட்டது. வீட்டு எலியைப் பொறி வைத்துப் பிடிக்க இச்சட்டத்தில் தடையில்லை.

காட்டுப்பன்றி குறித்துத் தமிழ்நாடு அரசு 2025 சனவரியில் தனி நடைமுறையை அறிவித்தது. அதன்படி காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் அவற்றைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். அதற்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். நில உரிமையாளர் தாமே சுட இந்நடைமுறையில் இடமில்லை.

அரிக்கொம்பன்

அரிக்கொம்பன் கேரளத்தின் இடுக்கி மாவட்டம் சின்னக்கானல் பகுதியில் வாழ்ந்த ஆண் யானையாகும். மலையாளத்தில் 'அரி' என்பது அரிசியைக் குறிக்கும். நியாயவிலைக் கடைகளையும் வீடுகளையும் உடைத்து அரிசி தின்றதால் அதற்கு இப்பெயர் ஏற்பட்டது. 2023 ஏப்ரல் 29-இல் கேரள வனத்துறையினர் அதற்கு மயக்க ஊசி செலுத்தி, கும்கி யானைகளின் துணையுடன் பிடித்தனர். பின்னர் வானலைக் கழுத்துப்பட்டை பொருத்தப்பட்டு, அது பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்டது.

விடப்பட்ட இடத்தில் அது தங்கவில்லை. மே மாதத்தில் மேகமலைப் பகுதிக்குள் வந்து திரும்பிய பின், மே 27-இல் கம்பம் நகரத் தெருக்களில் ஓடியது. நகரில் 144 தடை உத்தரவு பிறப்பிக்கப்பட்டது. யானை தாக்கியதில் காயமுற்ற ஒருவர் சில நாட்களில் உயிரிழந்தார். சூன் 5 அதிகாலையில் தமிழ்நாடு வனத்துறையினர் சின்ன ஓவுலாபுரம் அருகே அதை மீண்டும் பிடித்து, களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் மேல் கோதையாறு பகுதியில் விட்டனர். அதே ஆண்டு செப்டம்பரில் அது மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டப் பகுதிக்குள் வந்து, பின்னர் காட்டுக்குத் திரும்பியது.

இடமாற்றத்தால் சின்னக்கானல் மக்களுக்கு இந்த ஒரு யானையின் தொல்லை நீங்கியது. ஆனால் அதை முன்பின் அறியாத கம்பம் மக்கள் இடருக்கு உள்ளாயினர்.

இடமாற்றத்தின் வரம்புகள்

மகாராட்டிரத்தின் சுன்னர் பகுதியில் 2001 முதல் பல சிறுத்தைகள் பிடிக்கப்பட்டு வேறு இடங்களில் விடப்பட்டன. அதன் பின் மனிதர் மீதான தாக்குதல்கள் குறையாமல் பன்மடங்கு உயர்ந்ததை வித்யா ஆத்ரேயா முதலிய ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அதே ஆண்டில் நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும், சிறுத்தை கண்ணில் பட்டது என்பதற்காக மட்டும் அதைப் பிடிப்பதை ஊக்குவிக்கவில்லை.

பழகிய நிலத்தை இழந்த விலங்கு, நீரும் இரையும் மறைவிடமும் அறியாமல் அலைகிறது. சில விலங்குகள் பழைய இடத்துக்கே திரும்ப முயல்கின்றன. விலங்கு அகற்றப்பட்ட இடத்தில் உணவு அப்படியே இருப்பின், அக்கம்பக்கத்திலிருந்து வேறொரு விலங்கு அங்கு வருகிறது.

தடுப்பு முறைகள்

தூய்மையும் மறைவிட நீக்கமும்

கொல்லைப்புறத்தைப் பொறுத்தவரை செலவு குறைந்ததும் நிலைத்த பயன் தருவதும் இம்முறையே. குப்பையை மூடிய கலத்தில் இடுதல், உதிர்ந்த பழங்களை அன்றாடம் அகற்றுதல், தானியத்தையும் கோழித் தீவனத்தையும் இரவில் மூடி வைத்தல், குரங்குக்கு உணவிடாதிருத்தல் ஆகியன முதற்படிகளாகும். விறகைச் சுவரை ஒட்டி அடுக்காமல் தரையிலிருந்து உயர்த்தி அடுக்குவதும், கதவின் அடி இடைவெளியையும் சாக்கடைத் துளைகளையும் வலையால் அடைப்பதும் எலியையும் பாம்பையும் குறைக்கும். மலையடிவார வீடுகளில் ஆடுகளை இரவில் கூரையுடன் கூடிய உறுதியான பட்டியில் அடைப்பது சிறுத்தை வரவைக் குறைக்கும்.

மரபு முறைகள்

பரணில் இரவுக் காவல், தகரம் தட்டுதல், வெடி வெடித்தல், நிலத்தைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டுதல் ஆகியன விவசாயிகள் கையாளும் முறைகளாகும். இவற்றின் பொதுக்குறை, தீங்கு நேராததைக் கண்டபின் விலங்குகள் பழகிவிடுவதாகும். ஆகவே முறைகளை மாற்றி மாற்றிக் கையாள வேண்டியுள்ளது. திராட்சைப் பந்தல்களின் மேல் வலை விரிப்பது பறவைகளையும் வௌவால்களையும் தடுக்கும். வலை தளர்ந்து தொங்கினால் அவை சிக்கி இறக்கும்.

மின்வேலி

சூரிய மின்வேலியில் மின்கலத்திலிருந்து பெறும் ஆற்றல் மின்துடிப்புகளாக மாற்றப்பட்டுக் கம்பியில் செலுத்தப்படுகிறது. மின்னழுத்தம் சில ஆயிரம் வோல்ட்டு ஆயினும், ஒரு துடிப்பு நொடியில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே நீடிக்கும். துடிப்புகளுக்கு இடையே ஏறத்தாழ 1 நொடி இடைவெளி உண்டு. இவ்விடைவெளியில் தசை தளர்வதால் விலங்கு விலகிச் செல்ல முடிகிறது. வீட்டு இணைப்பின் 230 வோல்ட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் செலுத்தினால் மின்னோட்டம் இடைவிடாது பாய்ந்து, விலங்கையும் மனிதரையும் கொல்லும். இவ்வாறு செய்வது குற்றமாகும். முறையாக அமைக்கப்படாத வேலியும் இடர் தரக்கூடியது. தமிழ்நாட்டில் மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்த 2023-இல் தனி விதிகள் வகுக்கப்பட்டன.

தேனீ வேலி

ஆப்பிரிக்க யானைகள் தேனீக்களின் ஒலியைக் கேட்டு விலகுவதை லூசி கிங் முதலியோர் கென்யாவில் கண்டறிந்து 2007-இல் வெளியிட்டனர். இதன் அடிப்படையில் தேன்கூட்டுப் பெட்டிகளைக் கம்பியால் இணைத்துத் தொங்கவிடும் வேலி உருவானது. இது தேன் வழியே வருவாயும் தரும்.

தவிர்க்க வேண்டியவை

நஞ்சு கலந்த இரை, சுருக்குக் கம்பி, அவுட்டுக்காய் எனப்படும் நாட்டு வெடி ஆகியவை குறிப்பிட்ட விலங்கை மட்டும் தாக்குவதில்லை. பன்றிக்கு வைத்த வெடியை யானையோ மாடோ கடித்து, வாய் சிதைந்து பட்டினியால் இறக்கிறது. நஞ்சுண்ட எலியைத் தின்னும் ஆந்தையும் பாதிக்கப்படுவதால், எலியைக் கட்டுப்படுத்தும் இயற்கைத் துணையும் குறைகிறது.

விலங்கை எதிர்கொள்ளும்போது

யானை, சிறுத்தை, கரடி ஆகியவற்றைக் கண்டால் கூட்டம் கூடாமல் வீட்டுக்குள் இருந்து வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். வீட்டுக்குள் பாம்பு புகுந்தால் தொலைவில் நின்று அதைக் கண்காணித்தபடி, தீயணைப்பு நிலையத்தையோ வனத்துறையையோ அழைக்கலாம். பாம்பு கடித்தவரை அசையாமல் வைத்து, கடிவாயைக் கீறாமலும் இறுகக் கட்டாமலும் நச்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்ல வேண்டும். உயிரிழப்பு, காயம், பயிர்ச்சேதம் ஆகியவற்றுக்கு வனத்துறை வழியாக இழப்பீடு கோரலாம். சேதத்தை அகற்றுமுன் ஒளிப்படம் எடுத்து, உடனே முறையிடுவது பயனளிக்கும்.

இவற்றையும் பார்க்கவும்

* தேனி மாவட்டம்
* மேகமலை
* பெரியாறு புலிகள் காப்பகம்
* கும்கி யானை
* வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972