முசுறுகள் பிடிக்கும் வடம்

மாய உலகக் கதையொன்றில், ஆயிரமாயிரம் பூச்சிகள் ஒரே அறிவால் பிணைக்கப்பட்டு, வியூகம் வகுத்து, மனிதரை வேட்டையாடுவதை வாசித்த போர்ட் கிள்ளான் மாணவி ஒருவர், அத்தகைய சேனை பூமியில் எங்கேனும் இருத்தல் சாத்தியமா என்று கேட்டு எழுதியிருக்கிறார். பண்டமாரான் வீட்டுக் கொல்லை மாமரத்தில் காய் பறிக்க ஏறியவர்களும், கேரித் தீவில் செம்பனைக் குலை அறுப்பவர்களும் அச்சேனையை நன்கு அறிவார்கள். மலாய்க்காரர் கெரெங்கா என்கிற, நாம் முசுறு என்கிற அந்தச் செவ்வெறும்பு, கொடுக்கில்லாவிட்டாலும், கடித்த புண்ணிலேயே அமிலத்தைப் பீய்ச்சி நம்மை மரத்தைவிட்டு இறக்கிவிடும்.

அதன் வேட்டையைச் சற்று அருகிலிருந்து பார்க்க வேண்டும். தன்னைவிடப் பன்மடங்கு பெரிய வெட்டுக்கிளி ஒன்று இலையில் வந்து அமர்ந்ததும், முதலில் கண்ட முசுறு அதன் கால் ஒன்றைக் கவ்விக்கொண்டு, உடலை இலையோடு இலையாகத் தாழ்த்தி, நகராமல் நின்றுவிடுகிறது. அது வெளிவிடும் வாசனையை உணர்ந்து ஓடிவருபவை ஆளுக்கொரு காலையும் உணர்கொம்பையும் பற்றி, ஒவ்வொன்றும் தன் திசையில் இழுக்க, சிறிது நேரத்துக்கெல்லாம் வெட்டுக்கிளி நாற்புறமும் விரிக்கப்பட்டு அசைவற்றுப் போகிறது. கட்டளையிடும் சேனாதிபதி அங்கே எவருமில்லை. ராணியோ, பல மரங்களில் பரவிய நூற்றுக்கும் மேற்பட்ட இலைக்கூடுகளில் ஏதோ ஒன்றனுள் முட்டையிட்டுக் கொண்டிருக்கிறது. அடுத்த மரத்தில் வெட்டுக்கிளி வந்த சேதியே அதற்கு எட்டாது. கதாசிரியர்கள் ராணியின் தலைக்குள் வைக்கும் புத்தியை நான் இந்த இழுப்பில்தான் தேடுவேன். அதற்கு அண்மையில் நல்லதோர் ஆதாரமும் கிடைத்திருக்கிறது.

மனிதர் கூடி இழுத்தால் பலம் கூடும் என்பது பாதி உண்மையே. ஆட்கள் பெருகப் பெருக ஒவ்வொருவரின் இழுவிசை குறைந்துகொண்டே போகிறது என்பதைப் பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ரிங்கெல்மான் 1913-இல் வெளியிட்ட ஆய்வில் அளந்து காட்டினார். ஒருவர் இழுக்கும் கணத்தில் மற்றவர் தளர்ந்திருப்பார். ஒருவர் இருக்கிறாரே என்று இன்னொருவர் சோம்புவதும் உண்டு. சிட்னியின் மெக்குவாரி பல்கலைக்கழக ஆய்வாளர்களும் கூட்டாளிகளும், விசைமானியோடு பிணைத்த காகித இலையொன்றை முசுறுகளிடம் கொடுத்து இதே கேள்வியைக் கேட்டார்கள். 2025 ஆகஸ்டில் ‘கரண்ட் பயாலஜி’ இதழில் வெளியான விடை நேர்மாறாக இருந்தது. குழு பெருகும்போது ஒவ்வொரு முசுறின் இழுவிசையும், குறைவதற்குப் பதிலாக, ஏறக்குறைய இரு மடங்காகி, தன் எடையைப் போல் 100 மடங்குக்கும் மேலே சென்றது.

இதன் ரகசியம் அவை கோத்துக்கொள்ளும் சங்கிலியில் இருக்கிறது. கூடு கட்டுவதற்கு வளைக்க வேண்டிய இலை எட்டாத தொலைவில் இருந்தால், ஒரு முசுறின் இடையை அடுத்தது கவ்வ, அதன் இடையை அதற்கடுத்தது கவ்வ, உயிருள்ள கயிறு ஒன்று உருவாகிறது. பத்துமலைத் தைப்பூசத் தேரையோ நம் ஊர்க் கோயில் தேரையோ நினைத்துக் கொள்ளுங்கள். வடம் பிடிப்பவர்கள் எவ்வளவு மூச்சைப் பிடித்து இழுத்தாலும், மூச்சு விடும் நேரத்தில் சக்கரம் பின்னோக்கி உருண்டால் பட்ட பாடெல்லாம் வீண். ஆகவேதான் சக்கரத்தருகே ஒருவர் முட்டுக்கட்டையோடு நடந்து, ஏறிய அளவை இறங்கவிடாமல் காக்கிறார். முசுறுகளிடம் வடமும் முட்டுக்கட்டையும் ஒன்றே. இலைக்கு அருகிலிருப்பவை கால்களை மடக்கி நீட்டி விடாமல் இழுக்கின்றன. சங்கிலியின் கடைக்கோடியில் நிற்பவை இழுப்பதை விட்டுவிட்டு, உடலை நீளமாக நீட்டி, பின்னங்கால்களை ஊன்றி, கிடைத்த இழுப்பைக் கெட்டியாகப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. தேர்வடத்தின் நுனியிலுள்ள பக்தர்கள் ஈரப்பசை பூசிய பாதங்களோடு தெருவில் ஒட்டி நின்று, ஒருவர் இடையை ஒருவர் பற்றி, தேரடியில் உள்ளவர்கள் விரற்கடை விரற்கடையாகப் பெற்றுத்தரும் நகர்வைத் தம் கெண்டைக்காலில் சேமித்துக்கொண்டே போவதாகக் கற்பனை செய்தால், முசுறின் சாமர்த்தியம் முழுவதும் விளங்கும். முசுறின் பாதத்தில் அத்தகைய ஈரமான மெத்தை மெய்யாகவே உண்டு. அதைக்கொண்டு தலைகீழாகத் தொங்கியபடியே, தன் எடையைப் போல் 100 மடங்கைத் தாங்க வல்லது.

என்னைப் பரவசப்படுத்துவது இதிலிருந்து தொடரும் முடிவு. சேமித்த இழுப்பு நழுவாதென்றால், எல்லாரும் ஒரே கணத்தில் இழுக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தமே மறைந்துவிடுகிறது. தேர் நகர ஒருமித்த கோஷம் வேண்டும். முசுறுச் சங்கிலிக்குத் தாளம் போடுபவர் வேண்டியதில்லை. மற்றதெல்லாம் மறந்தாலும், இழுத்ததை விட்டுவிடாதே என்ற ஒன்று மட்டும் உடலில் இருந்தால் வேலை முடிந்துவிடும். அளந்த விசை ஐயத்துக்கு இடமற்றது. முட்டுக்கட்டை விளக்கம், சங்கிலியில் எறும்புகள் நின்ற நிலையைக் கொண்டு ஆய்வாளர்கள் முன்வைக்கும் அனுமானம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வரலாறு விரும்புவோருக்காக இரண்டொரு வரி. கி.பி. 304-ஆம் ஆண்டினதாகக் கருதப்படும் சீன நூலொன்று, நாரத்தை இனத் தோட்டங்களில் பூச்சியை ஒழிக்க முசுறுக்கூடுகளை விலைக்கு வாங்கித் தொங்கவிட்டதைச் சொல்கிறது. மலாயாவில் ரப்பரைப் பரப்பி, நம் முன்னோர் இங்கே வந்து சேரவே ஒரு வகையில் காரணமாயிருந்த சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்கா இயக்குநர் ரிட்லி, முசுறுகள் தம் புழுக்களைக் கவ்விச் சென்று, இலை விளிம்பில் தொட்டுத் தொட்டு, அவை கசியும் பட்டிழையால் கூட்டைத் தைப்பதை 1890-இலேயே எழுதிவைத்தார்.

மெக்குவாரி ஆய்வைத் தொடர்ந்து, ரோபோக்களுக்கும் இவ்வித்தையைக் கற்பிக்கலாம் என்ற பேச்சு எழுந்திருக்கிறது. எண்ணிக்கை பெருகினால் கூட்டறிவு தானாகப் பிறந்துவிடும் என்று விளம்பரம் செய்வோரை நான் நம்புவதில்லை. முசுறின் வெற்றி எண்ணிக்கையால் வந்ததன்று. வழுக்கும் இலையிலும் பிடிவிடாத பாதமும், கவ்வியதைத் தளர்த்தாத தாடையும் சேர்ந்து தந்தது. வழுவழுப்பான தளத்தில் சக்கரத்தில் உருளும் இயந்திரங்களை நூறாகப் பெருக்கினாலும் அதனால் மட்டும் ஒவ்வொன்றின் இழுவிசை கூடிவிடாது.

மாணவி வாசித்த கதையில் வரும் போர்த்தந்திரத்துக்கு மிக நெருங்கிய ஒன்று முசுறுகளிடம் உண்டு. எல்லைப்புற மரங்களில் அவை தனிக் கூடுகள் கட்டி வைத்திருக்கும். அவற்றில் வசிப்பவை, குஞ்சு வளர்க்கும் காலம் முடிந்த மூத்த வேலைக்கார எறும்புகள். அந்நியக் கூட்டத்து முசுறு எல்லைக்குள் கால் வைத்தால் முதலில் பாய்ந்து மடிபவை இவையே. ஆயுளில் மிச்சம் குறைவாக உள்ளவற்றை முன்னணியில் நிறுத்துவது எந்தச் சேனாதிபதிக்கும் தோன்றும் கணக்குத்தான்; முசுறுகளிடத்திலோ, வயது ஏற ஏற ஒவ்வொன்றும் கூட்டின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வேலை மாறிக்கொண்டு வருவதால், அக்கணக்கை எவரும் போடாமலே விடை வந்துவிடுகிறது.